ரெண்டு கல் உப்பு

பெருநாளுக்கு உத்தமபாளையம் வரும்போது அந்தக் கடல் நத்தையை ஆய்வகத்தில் விட்டுவர எனக்கு மனமில்லை. புது இனம் என்று நிரூபிக்க என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். உயிரோடு பிடித்து, கெடாமலிருக்க நானே ஸ்பிரிட்டில் போட்டிருந்தேன்.

விடுமுறை முடிந்து கிளம்பும்போது பாட்டிலைத் திறந்தால் அழுகல் நாற்றம். சதை கரைந்து, ஓடுதான் மிஞ்சியிருந்தது.

"சாராய வாடை அடிச்சுச்சு. தொழுகுற வீடாச்சேன்னு கொட்டிட்டு, நல்ல தண்ணி ஊத்தி வச்சேன்," என்றார் அம்மா.

வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"கடல்ல கெடந்ததுன்னு சொன்னியே. உசுரு இருந்தா பாவமேன்னு ரெண்டு கல்லு உப்பும் போட்டேன்."

கடலோரமெல்லாம் தேடுகிறேன், இன்னொன்று கிடைக்கவில்லை. கிடைத்தாலும் ஸ்பிரிட்டில் போட எனக்குக் கை வருமா என்பதுதான் தெரியவில்லை.