ஆடிய மேசை

மூதூரிலிருந்து கல்யாணமாகிச் சிங்கள ஊரான பல்லேபொலைக்கு வந்தபோது எனக்குச் சிங்களம் தெரியாது. கணவர் மிளகும் கராம்பும் வாங்கிக் கொழும்புக்குக் கொண்டுபோய் விற்பவர். வெள்ளிக்கிழமைதான் வீட்டில் இருப்பார். ஒருமுறை, கைப்பிடியைச் சுற்றித் தேங்காய் துருவும் மெஷின் ஒன்றை வாங்கிவந்து மேசை விளிம்பில் பூட்டித் தந்தார். சுற்றினால் மேசையே தடதடவென்று ஆடியது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வந்தார். மேசையின் மறுமுனையில் இரண்டு கைகளையும் ஊன்றி அழுத்திக்கொண்டு, "இப்ப சுத்து மகள்" என்றார் தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில். அன்றுமுதல் காலையில் சத்தம் கேட்டதும் வந்துவிடுவார். துருவி முடித்துப் பிளேன்டீ குடிப்போம். பேச்சு குறைவுதான். ஆனாலும் பல நாட்களில் என்னோடு பேசிய ஒரே குரல் அவருடையதுதான்.

அவர் வந்து மேசையைப் பிடித்துக்கொள்வதைச் சொன்னதும் கணவர் மேசைக் கால்களைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்தார்.

"இனி யாருக்கும் கரைச்சல் இல்ல. நீங்க தனியாவே துருவலாம்" என்றார் சந்தோஷமாக.

மறுநாள் அந்த அம்மா வந்து மேசையை அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை. "நல்லம்" என்று சிரித்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

ஆணிகளைப் பிடுங்கிவிடலாமா என்று பலமுறை யோசித்தேன். கணவரிடம் என்ன காரணம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.