கண்ணாடி மேரி பிடித்த இருபது நிமிஷம்

சகாயமேரியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் தேசூரிலிருந்து தொடங்க வேண்டும். என் பெரியத்தை பேரன் தேவநேசனுக்கு மூத்த மகள் அவள். ஆரணியில் வாத்தியார் ராபர்ட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். ராபர்ட்டின் வகையறாவையும் என்னால் சொல்ல முடியும், இப்போது வேண்டாம்.

ஆறு வருஷம் செய்யாரில் ஒரு சோப்பு கம்பெனிக்கு பஸ்ஸில் போய்வந்தாள். அப்புறம் உள்ளூரிலேயே சாயப்பட்டறையில் சேர்ந்தாள். பட்டு நூலில் பிறவியிலேயே ஒரு பசை இருக்கும். சோப்பு ஆயில் கலந்த கொதிநீரில் முக்கினால்தான் அது விட்டுப்போய்ச் சாயம் ஏறும். அந்த ஆயில் பெரிய கேனில் தேன் மாதிரி வரும். சோப்புதானே என்று எல்லாரும் வெறுங்கையால் அள்ளுவார்கள். மேரி மட்டும், சோப்பு கம்பெனியில் பழகிய பழக்கம், கண்ணை முழுக்க மறைக்கும் பெரிய கண்ணாடியும் ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டுதான் கேனைத் தொடுவாள்.

“சாயம் போட வந்தியா, ஆபரேசன் பண்ண வந்தியாம்மா?” என்பார் மேஸ்திரி சம்பந்தம்.

“உங்க வாயத்தான் ஆபரேசன் பண்ணணும் மேஸ்திரி” என்பாள்.

கண்ணாடி மேரி என்றே பெயர் விழுந்துவிட்டது.

சம்பந்தத்தின் பிழைப்பே கண்தான். பழைய புடவைத் துண்டு ஒன்றைக் கொடுத்தால் போதும், வெயிலில் தூக்கிப் பார்த்து அதே நிறத்தை நூலில் கொண்டுவந்துவிடுவார்.

போன சித்திரையில் ஒரு காலை. வெயிலில் கிடந்த கேன் உப்பியிருந்தது, மூடியைத் திருக முடியவில்லை. நூல் மாட்டும் கழியால் சம்பந்தம் நெம்பினார். மூடி எகிறியது, ஆயில் வலது கண்ணில் அடித்தது, கேன் சாய்ந்தது.

“ஐயோ, கண்ணு! துர்காவ ஜல்தியா கூப்பிடுங்க, தாய்ப்பால் விடணும்!” என்று அலறினார். இந்தப் பக்கம் கண்ணில் எது விழுந்தாலும் அதுதான் வைத்தியம். அடுத்த வீட்டு துர்காவுக்குக் கைக்குழந்தை இருந்தது.

மேரி அவர் தலையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போனாள். குழாயை மெல்லத் திறந்து, தலையைச் சாய்த்து, இமையை விரலால் பிரித்துத் தண்ணீரை ஓடவிட்டாள்.

“கசக்காதீங்க. தொறந்து வெச்சிகினே இருங்க.”

இதற்குள் பட்டறைப் பையன் ராஜ்குமார் தரையைக் கழுவுவதாக ஒரு வாளி தண்ணீரை வீசினான். நுரை முழங்கால்வரை எழும்பியது. அவனே வழுக்கி அதற்குள் உட்கார்ந்தான்.

“தண்ணி ஊத்தாதடா! மண்ணக் கொட்டு, சாக்கடைக்குப் போவாம அண கட்டு!” என்றாள், கையை எடுக்காமல்.

சம்பந்தத்தின் மனைவி கற்பகம், துர்காவைக் கூட்டிக்கொண்டு, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையோடு ஓடிவந்தாள்.

“உடு மேரி, பால் ஊத்தட்டும். இல்லனா ஆட்டோல ஏத்து. தண்ணியில புடிச்சிகினு இன்னா வெளையாட்டு?”

“பாலும் வேணாம், எண்ணெயும் வேணாம்க்கா. உள்ள இருக்கிற ஆயில் மொத்தமும் வெளிய வரணும். இருபது நிமிஷம்.”

“அவரு கண்ணு போச்சுனா?”

“எங்கிட்ட வந்து கேளு.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தாள். சம்பந்தம் திமிறினார், திட்டினார், கர்த்தரைக்கூட விடவில்லை. இருபதாவது நிமிஷம்தான் குழாயை மூடினாள். ஆட்டோவில் ஏறுமுன் கேனில் ஒட்டியிருந்த தாளை போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படத்தைப் படித்துவிட்டுக் கேட்டார்: “எவ்ளோ நேரம் கழுவினீங்க?”

“இருபது நிமிஷம் மேடம்.”

“அதான் தப்பிச்சிருக்கு. மேலாப்புல சிராய்ப்புதான். மருந்து விட்டா ஆறிடும்.”

கற்பகத்துக்கு நம்பிக்கை வரவில்லை. நாலாம் நாள் மறுபடி காட்டப் போனார்கள். டாக்டரம்மா இடக்கண்ணை மூடச் சொல்லிச் சுவரிலிருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார்.

“எழுத்து எனக்கு எப்பவுமே தகராறு மேடம். நூல் காட்டச் சொல்லுங்க” என்றார் சம்பந்தம்.

மேரி பையிலிருந்து இரண்டு சிவப்பு நூல் துண்டுகளை எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சம்பந்தம் ஜன்னல் பக்கம் போய், வலது கண்ணால் மட்டும் பார்த்தார். கற்பகமும் பின்னாலேயே போனாள்.

“இது நான் போட்ட அரக்கு. இது நான் இல்லாதப்ப நீ போட்டது. சாயத்துலருந்து ரெண்டு நிமிஷம் முந்தியே தூக்கிட்ட, எதுக்கு அவ்ளோ ஜல்தி?”

“உங்க கண்ணப் பாக்க வர அவசரம் மேஸ்திரி” என்றாள் மேரி.

கற்பகம் அப்போதுதான் அழுதாள்.