நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்

டாக்டரைக் கண்டால் மட்டும் மாமனாருக்கு எங்கிருந்துதான் தெம்பு வருமோ, அவளுக்குப் புரிந்ததே இல்லை. வீட்டில் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் சுவரைப் பிடித்துப் பிடித்து நிற்கிற மனிதர், டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன் டாக்டர். எஞ்சின் பழசு, ஆனா மேட்டுல ஏறும்."

பக்கத்தில் நிற்கும் மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இதயம் பாதிக்குமேல் சோர்ந்துவிட்டது. உப்பைக் குறையுங்கள், தண்ணீரை அளந்து குடியுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்கிறார். இவரோ மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் உப்புப் பொட்டலத்தை ஒளித்து வைக்கிறார். கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டால், "கண்ணாடி துடைக்கிற பவுடரும்மா" என்பார், இமை கொட்டாமல்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அவளுக்குக் குழந்தை பிறந்தபோது மாமியார் உயிரோடு இல்லை. "இனி எதுக்கு வேலை?" என்று சொந்தபந்தமெல்லாம் ஓத ஆரம்பித்தது. விடுப்பு முடிந்த காலையில் அவள் எழுந்து வந்து பார்த்தால், மாமனார் அடுப்படியில் நின்று விறகு பிளப்பதுபோல் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீ கிளம்பும்மா. புள்ளையும் அடுப்பும் என் பொறுப்பு."

அவருடைய அண்ணன் வந்து, "மருமகளுக்குச் சமையல்காரனா ஆயிட்டியாடா?" என்று நக்கலடித்தார்.

"ஊரையே ஏத்தி எறக்கினவன் நான். என் வீட்டுப் பொண்ணை வேலைக்கு அனுப்பினா தேஞ்சா போயிடுவேன்? உக்காந்து சாப்பிடு."

அண்ணன் சாப்பிட்டார். அதுவே அவருக்குப் போதுமான தண்டனை. அன்றைய சமையல் அப்படி.

அந்த ஒரு பேச்சுக்காகவே மாமனாரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவள் அவள். இப்போது அதே தலையில் அடித்துக்கொள்கிறாள். பேரன் படிக்க வெளியூர் போய்விட்டான், இனியாவது அடுப்புப் பக்கம் போகாதீர்கள் என்று சொன்னால் கேட்கிற ஆளா? ஒரு மத்தியானம் அவள் வீடு திரும்பியபோது, அடுப்படித் தரையில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"அடுப்பை அணைச்சிட்டுத்தான்... உக்காந்தேன்" என்றார், பெருமையாக.

ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டும் டாக்டரிடம், "நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"பொய் டாக்டர்!" என்று அவள் வெடித்தாள். "படுத்தா மூச்சு முட்டி உக்காந்தே தூங்குறாரு. உப்பைத் திருடித் திங்கிறாரு. எதைக் கேட்டாலும் பொய்!"

டாக்டர் அவளை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார்: "இதுக்கு மேல இதயம் தேறாதும்மா. இருக்கிற வரைக்கும் மூச்சுத் திணறாமப் பாத்துக்கலாம். ஆள் கூடவே இருக்கணும்."

திரும்பி வந்தால், மாமனார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இப்படிப் போட்டுக் குடுத்திட்டியேம்மா."

"இன்னமும் போட்டுக் குடுப்பேன். நாளையிலேர்ந்து நான் வேலைக்குப் போகல. உங்க பக்கத்துலயே உக்காந்து காவல் காக்கப் போறேன்."

அவ்வளவுதான். மனிதர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். மூக்குக் குழாய் கழன்று தொங்கியது.

"அப்ப நான் எதுக்கும்மா இத்தனை வருஷம் கையைச் சுட்டுக்கிட்டேன்? என் நெஞ்சு நின்னா நிக்கட்டும். உன் வேலை நிக்கக் கூடாது."

"பேசாமப் படுங்க மாமா!"

"போறேன்னு சொல்லு, படுக்கிறேன்."

தலைமாட்டிலிருந்த கருவி கீச்சிட்டது. நர்ஸ் ஓடி வந்து இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார்.

"சரி, போறேன், போறேன்! படுத்துத் தொலைங்க!" என்று அவள் கத்தினாள். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரை அவள் அப்படிப் பேசியதே இல்லை. அவரோ சாதித்துவிட்ட திருப்தியில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் கணவன் மாலை வேலைக்கு மாற்றிக்கொண்டான். பகலில் அப்பாவுக்கும் அடுப்புக்கும் அவன் காவல். மாமனார் கட்டிலை விட்டு இறங்குவது குறைந்துவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை. அவள் ஊசியும் கையுமாக நிற்கும் நேரம் பார்த்துத்தான் போன் அடிக்கும்.

"உன் புருஷன் முட்டையைக் கருக்கிட்டான்மா."

"மாமா, நான் வேலையில இருக்கேன்!"

"அதைக் கேக்கத்தான் போன் பண்ணேன்" என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

"இந்த மனுஷனை..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் கையை நீட்டச் சொல்லுவாள்.