செவந்தி தேடிய குண்டு

திருவரங்குளத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில் செவந்தியைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் துணிச்சல் வராது. கையைக் காட்டியும் நிறுத்தாமல் போன பஸ்ஸை மறுநாள் ரோட்டு நடுவில் பூக்கூடையோடு உட்கார்ந்து மறித்து, டிரைவரை இறங்கி வந்து மன்னிப்புக் கேட்க வைத்தவள். அவளே அண்ணன் குழந்தைசாமியின் வாசலை நாலு வருஷம் மிதிக்கவில்லை. காரணம் ஒரு துப்பாக்கி.

அப்பா செத்த பிறகு கிணற்றடித் தோட்டத்தில் தன் பங்கைக் கேட்டுப் போனாள். வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த குழந்தைசாமி பீரோவைத் திறந்து ஒரு ரிவால்வரை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"பொட்டச்சிக்கு என்ன பங்கு? இன்னொருக்கா அந்தப் பேச்சை எடுத்தே, ஒம் புருஷன் வீடு திரும்ப மாட்டான்."

புருஷன் ரகுநாத் பயந்த சுபாவம். "பங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று அவள் காலைப் பிடிக்காத குறை. அவனுக்காக அடங்கிப்போனாள்; மறக்கவில்லை. குத்தகைத் தோட்டத்தில் மல்லிகை பறிக்கும்போதெல்லாம் மனசுக்குள் அண்ணனைத்தான் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் அந்தக் கிணற்றடியிலேயே வெளிப்பக்கம் படி வைத்து ஒரு மாடி வீடு எழும்பியது. செவந்திக்கு வயிறு எரிந்தது. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்று போலீசில் எழுதிக்கொடுத்து, அண்ணனை விலங்கோடு தெருவில் நடக்கவிட வேண்டும். அது என்ன துப்பாக்கி, எந்தக் குண்டு போடுவது என்று தெரிந்தால்தானே எழுத முடியும்? அவன் டைல்ஸ் வாங்கத் திருச்சிக்குப் போன நாளில் மதினி அருணாவிடம் போனாள். அந்தத் துப்பாக்கியைக் காட்டியே அடக்கப்பட்டவள்தான் அருணாவும். சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

செவந்தி பீரோவிலிருந்து துப்பாக்கியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பேர் இல்லை, நம்பர் இல்லை, எந்த ஊர்ச் சாமான் என்று ஓர் எழுத்துகூட இல்லை. ஆனால் நல்ல கனம்.

"உள்ளாற குண்டு இருக்கா மதினி?"

"நான் ஒரு நாளும் பாத்ததில்லத்தா."

செவந்தி உருளையைத் தள்ளிப் பார்த்தாள். குண்டு நுழையத் துளையே இல்லை. வட்டமாக எட்டுக் குட்டி முளைகள்தான் இருந்தன. குழலுக்குள் ஈர்க்குச்சியை விட்டால் கொஞ்ச தூரத்திலேயே முட்டியது. சந்தேகம் தட்டவே, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பொம்மைக் கடை வைத்திருக்கும் சவரியப்பனிடம் ஓடி, விளையாட்டுத் துப்பாக்கிக்குப் போடும் பொட்டுவெடி கேட்டாள்.

"ரோல் கேப்பா, ரிங் கேப்பா? ரிங்குன்னா ஆறா, எட்டா?"

எல்லாவற்றிலும் ஒன்று வாங்கி வந்தாள். ரோல் மாட்டவில்லை. ஆறு பொட்டு உட்காரவில்லை. எட்டுப் பொட்டுச் சிவப்பு வளையம் கச்சிதமாகப் பொருந்தியது. கொல்லையில் போய் வானத்தைப் பார்த்து அமுக்கினாள். டப். முருங்கைமரத்துக் காக்காகூடப் பறக்கவில்லை.

அருணா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செவந்திக்கு ஆத்திரத்தில் கண் நிறைந்தது. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கிற பொட்டுக்கா இத்தனை வருஷம் பயந்து கிடந்தோம்! போலீஸ் யோசனையை அங்கேயே விட்டாள். அவனிடம் துப்பாக்கி இருக்கிறது என்று நம்பிய ஊரே சிரிக்க வேண்டும்.

"இருந்தபடியே வச்சிருங்க மதினி. அண்ணங்கிட்ட மூச்சு விடாதீங்க."

பால் காய்ச்சும் நாள் வந்தது. கூடப்பிறந்தவள் கொண்டுவரும் சீரை யாரும் தடுக்க முடியாது. தட்டில் என்ன இருக்கிறது என்று ஊரே எட்டிப் பார்ப்பதும் வழக்கம். செவந்தி மேளத்தோடு வந்தாள். பழத்தட்டு, வேட்டி சேலைத் தட்டு, கடைசியாகப் பட்டுத்துணி மூடிய ஒரு தட்டு. தங்கச்சி பணிந்துவிட்டாள் என்று குழந்தைசாமிக்கு முகமெல்லாம் பூரிப்பு. துணியை அவனே விலக்கினான். பொட்டுக் கேப் டப்பாக்கள் அடுக்கியிருந்தன.

"என்னாது இது?"

"ஒந் துப்பாக்கிக்குக் குண்டுண்ணே. எட்டுப் பொட்டு ரிங்கு. ரோல் சேராது, போட்டுப் பாத்துட்டேன்."

மேளம் நின்றது. "துப்பாக்கிய எடுப்பா குழந்தைசாமி, ஒருக்கா சுட்டுப் பாப்பம்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதும் பந்தலே குலுங்கியது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் ரகுநாத். குழந்தைசாமி அருணாவைப் பார்த்தான். அவள் பால் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்கும்வரை செவந்தி காத்திருந்தாள்.

"புதன்கெழமை சர்வேயர் வாராரு. எம் பங்க அளக்க எழுதிக் குடுத்துருக்கேன். தடுக்கணும்னா எடுத்துட்டு வாண்ணே. பொட்டு பத்தலைன்னா சொல்லு, வாங்கித் தாரேன்."

புதன்கிழமை யாரும் தடுக்கவில்லை. எல்லைக்கல் நட்ட இடத்தைப் பார்த்தால், மாடிப்படி முழுக்கச் செவந்தி பங்கில் இருந்தது. மாடிக்கு ஏறிப் போக விடச் சொல்லி குழந்தைசாமி ரெண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டான். அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை.