எல்லம்மாள் வீட்டுக்கு வந்தவள்

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் எதிரே தள்ளுவண்டியில் இட்லி விற்கிற எல்லம்மாள் எனக்குப் பக்கத்து வீடு. வாய் ஜாஸ்தி. புருஷன் விட்டுப்போன பிறகு மகன் சகாதேவன்தான் அவளுக்கு உலகம். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தொண்டைப் புண்ணுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறாள். உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டதாம். அம்மன் வந்துவிட்டாள் என்று மாத்திரையை நிறுத்தி, வேப்பிலையில் படுக்க வைத்தாள். இறங்கிவிட்டது. அன்றைக்கு வேண்டிக்கொண்டதற்காக ஆடிக்கு ஆடி தெருவுக்கே கூழ் ஊற்றுகிறாள்.

போன வருஷம் அவனுக்குப் பல்லில் சீழ். "எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?" என்று பல் டாக்டர் கேட்டாராம். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாளாம் இவள். பொய் சொல்லவில்லை, பாவம். டாக்டர் அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்தார்.

முதல் மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்திலேயே கூச்சல். ஓடினேன். எல்லம்மாள் வாசல் நிலையில் வேப்பிலை சொருகிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வராதடி ரேவதி! அம்மா திரும்ப வந்துட்டா!"

என் கால் தானாக நின்றது. உள்ளே விசில் மாதிரி மூச்சு இழுக்கிற சத்தம். அம்மைக்கு மூச்சு இழுக்குமா? எட்டிப் பார்த்தேன். உதடும் கண்ணும் வீங்கி, பிள்ளையை அடையாளமே தெரியவில்லை. வந்த ஆத்திரத்தில் வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தேன்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? ஆட்டோவ கூப்புடுக்கா!"

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது.

"பல்லுக்குக் குடுத்த மாத்திரை பெனிசிலின் வகை மருந்தும்மா" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. "கிருமி தன்னைச் சுத்தி சுவர் கட்ட விடாம செஞ்சு கொல்லும். நல்ல மருந்துதான். ஆனா சில பேரு உடம்பு இதையே எதிரின்னு நெனச்சு சண்டைக்குப் போயிடும். முன்னாடி மாத்திரை போட்டு தடிப்பு வந்திருந்தா டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும், வேற மருந்து குடுத்திருப்பாங்க. வந்திருக்கா?"

எல்லம்மாள் மகன் பக்கம் திரும்பினாள்.

"வந்துச்சுங்க. நான் அத கும்பிட்டேங்க."

'பெனிசிலின் ஆகாது' என்று எழுதிய சீட்டு இப்போது சகாதேவன் பர்ஸில் இருக்கிறது. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறான். எல்லம்மாளுக்குத்தான் விடியவில்லை. இட்லிக் குண்டானில் ஆவி சீறினால்கூட அவளுக்கு அந்த மூச்சுதான் கேட்கிறது. திடுக்கிட்டு மகனைத் தேடுகிறாள்.

இந்த ஆடிக்கும் கூழ் காய்ச்சினாள். எனக்கு ஊற்றும்போது பாதியில் நிறுத்தினாள்.

"அன்னைக்கு வந்தது அவ இல்லன்னா, இத்தன வருஷமா நான் யாருக்குடி ஊத்துனேன்?"

சொம்பை நீட்டியபடியே நின்றேன்.