தோல் வாஷர்

கொட்டகையில் நானே கட்டிய சிறு விமானத்தின் வால் இறக்கை லேசாக ஆடியது. அதைப் பிடித்திருந்த பிராக்கெட்டில் ஓட்டை அகன்றிருந்தது. புது பிராக்கெட் போட்டிருக்க வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபது வருஷம் தோல் வெட்டியவன் நான்; கை தானாகத் தோலுக்குப் போனது. எருமைத் தோலில் வாஷர் வெட்டிச் செருகி, போல்ட்டை முடுக்கினேன். ஆட்டம் நின்றது. எனக்குத் திமிர் ஏறியது.

மழைக்காலம் முடிந்ததும் மனைவியைக் கூட்டிவந்தேன். முதலில் ஏறப்போவது தான்தான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தவள். இறக்கையை ஒரு விரலால் தள்ளினாள். ஆடியது. ஈரத்தில் ஊறிக் காய்ந்த தோல் நசுங்கிப் போயிருந்தது.

"இன்னாங்க இது? இதுலயா என்னை ஏத்திக்கினு போறேன்னு சொன்னீங்க?"

புது பிராக்கெட்டும் இரும்பு வாஷரும் போட்டாயிற்று. தினமும் ஒரு விரலால் தள்ளிப் பார்க்கிறேன். அசைவதில்லை. அவளை ஏறச் சொல்லத்தான் வாய் வரவில்லை.