ஜனாதிபதிக்கு ஒரு கைநாட்டு

நாகலூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த எண்பதுகளில், எங்கள் முதலாளிக்குத் திடீரென்று ஜனநாயகம் பிடித்துக்கொண்டது. கிளப்பில் சீட்டு ஆடிக்கொண்டிருந்த எஸ்டேட்காரர்கள், ஜனாதிபதியை எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் கூடித் தேர்ந்தெடுப்பது அநியாயம், மக்களே நேராக ஓட்டுப் போட வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தக் கிளப்புக்கு இரண்டு பேர்தான் மாறி மாறித் தலைவர். அதற்கு ஓட்டுப்பெட்டி எதையும் நான் கண்டதில்லை.

டில்லிக்கு ஒரு மனு. முதலாளி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "ஏழையின் குரல் இல்லாத தேர்தல் தேர்தலே அல்ல" என்ற இடத்தில் அவருக்குக் கண் கலங்கியது. பிரம்பு நாற்காலியில் சாய்ந்து சொந்தத் தோட்டத்துக் காப்பியை உறிஞ்சிக்கொண்டு கண் கலங்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஏழையின் குரலுக்கு எங்கே போவது? காப்பிப் பழம் பறிக்கும் பெண்களிடம் கைநாட்டு வாங்கி வரச் சொன்னார்.

காலையில் பேர் கூப்பிடும் இடத்தில் மைப்பெட்டியோடு உட்கார்ந்தேன். எதற்கென்று கேட்காமலே விரலை நீட்டினார்கள். ஒருத்தி மட்டும் மடக்கிக்கொண்டாள். எப்போதோ அவள், பறிப்பவர்களை மேய்க்கும் மேஸ்திரியை எதிர்த்துப் பேசிவிட்டாள். அந்தக் கோபத்தில் அவன், ஏழு மாதக் கர்ப்பிணியான அவள் மகளைத் தினமும் செங்குத்தான சரிவில் பறிக்க விட்டான்.

"ஏனுங்க ரைட்டரு, இது என்னத்துக்குங்க?"

"நாட்டுக்கே பெரியவரு ஜனாதிபதிங்க அக்கா. அவர நீங்களே ஓட்டுப் போட்டு வெக்கோணும்னு கேக்கறமுங்க."

"அவ்வளவு பெரியவரையே நாங்க வெக்கலாம்னா, மேஸ்திரியையும் நாங்களே வெச்சுக்கறம்னு கீழ ஒரு வரி எழுதுங்க. எம்புள்ள அந்தச் சரிவுல நொம்பச் செரமப்படுதுங்க."

அந்த மனுவுக்கு வாய்த்திருக்க வேண்டிய ஒரே உருப்படியான வரி அதுதான். நான் எழுதவில்லை. பேனாவைக் காகிதத்துக்கு மேலே ஆட்டிவிட்டு, எழுதியதுபோல் வாசித்துக் காட்டினேன். அவள் கட்டைவிரலை மையில் தோய்த்து, மற்றவர்களைவிட அழுத்தி வைத்தாள்.

மனு டில்லிக்குப் போகவே இல்லை. அடுத்த வாரம் கிளப்பில் நாய்க் கண்காட்சிக்கு யார் நடுவர் என்ற சண்டை வந்துவிட்டது. ஜனாதிபதியை அத்தோடு மறந்தார்கள்.

அவள் மறக்கவில்லை. வாரம் தவறாமல் ஆபீஸ் வாசலுக்கு வந்து, "பதில் வந்துதுங்களா?" என்பாள். "டில்லி பெரிய எடமுங்க அக்கா, மெதுவாத்தான் வரும்" என்பேன். முதலாளியின் பங்களா ஆபீசிலிருந்து கூப்பிடு தூரம். மேஸ்திரியைக் கொஞ்சம் கண்டியுங்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துப்பில்லை. வேலை போய்விடும் என்று பயம். முதலாளியை இளக்காரமாகப் பேச எனக்கு என்ன யோக்கியதை?

ஒரு மழைநாளில் அவள் மகள் பழக்கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்தாள். குழந்தை தங்கவில்லை.

அதற்கு அடுத்த வாரமும் அவள் வந்தாள். என்னை ஒரு சொல் திட்டவில்லை.

"டில்லிக்காரங்க இன்னுங் கொஞ்சம் வெரசா எழுதியிருக்கலாமுங்க" என்றாள்.

"ஆமாங்க அக்கா" என்றேன்.